வாத்தியாரை நடித்தவள்

நாடகக் குழுவில் அவளுக்கு ஊசி என்று பெயர். அம்மா அந்தக் குழுவுக்கு உடை தைப்பவள். செருப்புக் கடைக்கு மேலே ஒற்றை அறை. அதில் ஒரு தையல் மெஷின், இரண்டு பெண் பிள்ளைகள், சுவர் முழுக்க ஆணிகளில் தொங்கும் ராஜா உடைகள். மூத்தவள் ஒன்பது வயதிலிருந்தே தைத்த துணிகளைச் சுமந்துகொண்டு கொட்டகைக்குப் போவாள். யாருக்காவது பட்டன் அறுந்திருந்தால் நின்ற இடத்திலேயே தைத்துக் கொடுப்பாள். ஒல்லி உடம்பு, கன்னத்தில் நாலைந்து அம்மைத் தழும்பு, சுருக்கென்று குத்துகிற வாய். பெயர் ஒட்டிக்கொள்ள இதற்கு மேல் என்ன வேண்டும்?

பதினாறு வயதில், தோழி வேஷம் போடுகிறவள் சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிப் போய்விட, இவளைப் பிடித்து மேடையில் தள்ளினார்கள். நாலு வரி வசனம். இரண்டாவது காட்சியில் கதாநாயகனுக்குச் சுத்தமாக வசனம் மறந்துபோயிற்று. கொட்டகையே மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்கிறது. ஊசி ஓரத்திலிருந்து இரண்டடி முன்னால் வந்து, "போர் முடிந்து திரும்பும்வரை அரசியைக் காத்திருக்கச் சொல்ல வந்தீர்களே, அதை நான் போய்ச் சொல்லட்டுமா?" என்று கேட்டாள். கதாநாயகன் வசனத்தைப் பிடித்துக்கொண்டார். அந்தப் பெண்ணுக்கு முழு நாடகமும் மனப்பாடம் என்று அன்றைக்குத்தான் எல்லோருக்கும் தெரிந்தது.

அந்தக் கதாநாயகனைத்தான் குழுவில் வாத்தியார் என்பார்கள். நாடகம் எழுதுவது, ஒத்திகை நடத்துவது, கதாநாயகனாக நிற்பது எல்லாம் அவரே. பெரிய நடிகர், அதில் சந்தேகமில்லை. முக்கியமான வசனத்துக்கு முன்னால் இரண்டு விரலால் சட்டையின் இடது கை மணிக்கட்டுப் பட்டியை மெல்லக் கீழே இழுப்பார். கண்ணை மூடி, மோவாயை ஒரு விரற்கடை தூக்கி, தொண்டைக்குள் சின்னதாக ஒரு கனைப்பு. பிறகு வார்த்தைக்கு வார்த்தை நிறுத்தி ஆரம்பித்தால் கடைசி வரிசையில் இருப்பவனும் நிமிர்ந்து உட்காருவான். ஊசி பக்கத் திரைக்குப் பின்னால் நின்று அதைப் பார்த்தே வளர்ந்தாள். அவர் எந்த எழுத்தில் மூச்சு வாங்குவார் என்பதுகூட அவளுக்குத் தெரியும்.

இருபத்தைந்து வயதில் அவளுக்கு அந்த வேஷம் வந்தது. சிறைக்குப் போன மகன் திரும்பி வராத ஒரு தாயின் கதை. தலையில் மாவைக் கொட்டி நரைக்க வைத்தார்கள். வாத்தியார் கடைசிக் காட்சிக்கு இரண்டு பக்கம் ஒப்பாரி எழுதி வைத்திருந்தார்.

"நான் அழல வாத்தியாரே," என்றாள் ஒத்திகையில்.

"அழாம என்ன பண்ணப் போறே? சிரிக்கப் போறியா?"

"அவன் சட்டையை மடிச்சு வைக்கறேன். அவ்வளவுதான்."

மடித்துக் காட்டினாள். தையல்காரி மகள் மடிக்கிற மடிப்பு: முதலில் காலரை நிமிர்த்தி, பட்டனைப் போட்டு, கைகளை முதுகுப் பக்கம் மடக்கி, கடைசியில் உள்ளங்கையால் ஒரே ஒரு தடவல். ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்த படுதா இழுப்பவர் மூக்கைச் சிந்தினார். வாத்தியார் அந்த இரண்டு பக்கத்தையும் கிழித்துப் போட்டார்.

ஒன்பது வருஷம் அந்த நாடகம் ஓடியது. பத்திரிகைகள் சட்டை மடிக்கும் காட்சியை விடாமல் எழுதின, 'வாத்தியாரின் கற்பனை' என்று. அவரும் குனிந்து வணங்கி அதை வாங்கிக்கொண்டார். ஊசி கவலைப்படவில்லை. மேடையில் நிற்பது அவள்தானே.

ஐந்தாவது வருஷம் அம்மா படுக்கையில் விழுந்தாள். தங்கை டெலிபோன் நிலையத்தில் இணைப்புக் கொடுக்கும் வேலையில் இருந்தாள். அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்ததும் அவள்தான். ஒரு சனிக்கிழமை மதியக் காட்சி முடிந்து ஊசி அரிதாரத்தைக் கலைத்துக்கொண்டிருந்தபோது வாத்தியார் வந்து, "ஆஸ்பத்திரியிலேருந்து ஃபோன் வந்துது, ஒரு எட்டு போய்ப் பாரு" என்றார். பாதி முகத்தில் அரிதாரத்தோடு ஓடினாள். படுக்கை காலியாக இருந்தது. தங்கை நடைபாதை பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

"ஏன்க்கா வரலை? அம்மா கேட்டுக்கிட்டே இருந்தா."

"இப்பதானே சொன்னாங்க!"

"நான் மூணு தடவை ஃபோன் பண்ணேன். மூணு தடவையும் வாத்தியாரே எடுத்தார். முதல் தடவை பண்றப்போ நாடகமே ஆரம்பிக்கலை."

ஊசி போய்க் கேட்டபோது வாத்தியார் நெற்றியைத் தட்டிக்கொண்டார். "சத்தியமா மறந்துட்டேன்மா. அந்த இரைச்சல்ல..." என்றார். அவள் நம்பவில்லை. ஆனாலும் பல்லைக் கடித்துக்கொண்டு மறுநாள் மேடை ஏறினாள். மேடையை விட்டால் அவளுக்குப் போக்கிடம் இல்லை என்பது அவளுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

பிறகு டெலிவிஷன் வந்தது. நிலையத்தார் வந்து அந்த நாடகத்தையே கேட்டார்கள். குழுவில் எல்லோருக்கும் தலைகால் புரியவில்லை. ஊசி தனக்கென்று புதிதாக ஒரு கறுப்புச் சால்வை ஓரம் அடித்து வைத்தாள். அடுத்த வாரம் வாத்தியார் தன் அறைக்குக் கூப்பிட்டனுப்பினார். நாற்காலியில் சாய்ந்து, மணிக்கட்டுப் பட்டியை இழுத்துவிட்டு, கனைத்தார்.

"என் கண்ணே... உன் நல்லதுக்குத்தான் சொல்றேன். உன் முகம் கேமராவுக்கு ஆகாது. அந்தத் தழும்பெல்லாம் பூதாகாரமாத் தெரியும். ஊரே பார்த்துச் சிரிக்கும். அதை என்னால தாங்க முடியாது."

"அப்ப யாரு பண்றா?"

அவர் மேஜைமேல் கிடந்த காகிதங்களை அடுக்க ஆரம்பித்தார். பெயரைச் சொல்லத் தேவையும் இல்லை. ஆறு மாதத்துக்கு முன்னால் குழுவில் சேர்ந்த ஒரு பெண்ணை எல்லோரும் 'புதுசு' என்று கூப்பிட்டார்கள். வாத்தியார் அவளைக் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறார் என்று அரிதாரப் பெட்டிகளுக்குக்கூடத் தெரிந்திருந்தது.

ஒளிபரப்பு நாளன்று ஊசி ஒரு மின்சாமான் கடை வாசலில் கூட்டத்தோடு நின்று பார்த்தாள். அவள் நடை, அவள் குரலின் இறக்கம், கதவைப் பார்த்துத் திரும்புகிற அந்தத் திரும்பல், எல்லாம் அச்சாக இருந்தது. வாத்தியார் ஒன்றையும் விடாமல் சொல்லிக் கொடுத்திருந்தார். கடைசியில் புதுசு சட்டையை எடுத்தாள். கைகளை முன்பக்கம் மடக்கினாள். பட்டன் போடவில்லை. துணியைத் தெரியாதவள் மடிக்கிற மடிப்பு. ஆனாலும் பக்கத்தில் நின்ற ஆள் குலுங்கிக் குலுங்கி அழுதான். ஊசிக்கு அந்த ஆளை அறையலாம் போல இருந்தது. அம்மாவின் காலிப் படுக்கையும் அந்தச் சட்டையும் அப்போதுதான் அவள் மனத்தில் ஒன்றாகச் சேர்ந்தன.

மறுநாளே குழுவை விட்டு விலகினாள். வேறு குழுக்களின் கதவைத் தட்டினாள். மூன்றாவது இடத்தில்தான் ஒரு முதலாளி உடைத்துச் சொன்னார்: "தப்பா எடுத்துக்காதேம்மா. இப்பல்லாம் உனக்கு வசனம் மறந்து போகுதாமே? கொஞ்சம் குடிப் பழக்கமும் உண்டாமே? வாத்தியாரே ரொம்ப வருத்தப்பட்டுச் சொன்னார்."

வாழ்க்கையில் ஒரு சொட்டுத் தொட்டதில்லை அவள்.

கடைசியில் அம்மா கற்றுக்கொடுத்ததுதான் சோறு போட்டது. டெலிவிஷன் நிலையத்தின் உடை அறையில் தையல் வேலை கிடைத்தது. ஜன்னல் இல்லாத நீள அறை, மூன்று மெஷின், இரும்புக் கம்பிகளில் வரிசையாகச் சட்டைகள். ஏழு வருஷம். முகம் கேமராவுக்கு ஆகாது என்று துரத்தப்பட்டவள், கேமராவிலிருந்து நாற்பது அடி தள்ளி உட்கார்ந்து அடுத்தவர் கால்சராய்க்கு மடிப்பு வைத்துக்கொண்டிருந்தாள். வாத்தியாரும் அவ்வப்போது நிலையத்துக்கு வருவார், பேட்டி, கௌரவிப்பு என்று. இவள் தைத்த கோட்டையே ஒரு தரம் போட்டுக்கொண்டு போனார். தைத்தது யார் என்று அவர் கேட்கவுமில்லை, இவள் சொல்லவுமில்லை. கோட்டின் உள்பக்கம் ஒரு குண்டூசியை விட்டுவைக்கலாமா என்று யோசித்தாள். அது ரொம்பச் சின்ன விஷயம் என்று விட்டுவிட்டாள்.

தேநீர் வேளையில் மற்ற தையல்காரிகள், "வாத்தியாரைச் செஞ்சு காட்டேன்" என்பார்கள். தலையில் ஒரு துண்டைக் கட்டிக்கொண்டு, இடது மணிக்கட்டை இழுத்து, கண்ணை மூடி, கனைத்து, "என்... கண்ணே... உன்... நல்லதுக்குத்தான்... சொல்றேன்" என்று ஆரம்பித்தால் அறையே வயிற்றைப் பிடித்துக்கொள்ளும். ஒரு நாள் வாசலில் ஒரு சிரிப்பு தனியாகக் கேட்டது. தடித்த கண்ணாடி போட்ட ஒரு தயாரிப்பாளர். பிய்ந்த பையைத் தைக்கச் சொல்ல வந்தவர்.

"யாரு அது நீங்க செஞ்சது? வாத்தியாரா?"

ஊசிக்கு வேலை போயிற்று என்று நினைப்பு. "சும்மா விளையாட்டுக்கு சார்."

"இல்லம்மா, இன்னொரு தடவை செய்ங்க. நான் ஒரு தங்கும் விடுதியைப் பத்தி வாராவாரம் ஒரு சிரிப்புத் தொடர் எடுக்கப் போறேன். விடுதிக்காரி கிடைக்காம அலைஞ்சிட்டிருக்கேன். அந்த ஆளை அப்படியே ஒரு பொம்பளையா மாத்த முடியுமா உங்களால?"

"அப்படியேவா?"

"அப்படியே."

"முகத்துல தழும்பு இருக்கு சார்."

"விடுதிக்காரி முகம் பளிங்கு மாதிரியா இருக்கும்?"

அன்று மாலை வீட்டுக்குப் போனதும் தங்கையிடம் சொன்னாள். தங்கைக்குக் கண் கலங்கியது. ஊசி கண்ணாடி முன்னால் உட்கார்ந்து மணிக்கட்டை இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். வாத்தியார் சரியாக இரண்டு விரல், மூன்று இல்லை. சொதப்பக் கூடாது. பார்க்கிறவர்களுக்கு இது யார் என்று முதலில் தெரியக் கூடாது. தெரியும்போது திரும்ப முடியாத அளவுக்குப் போயிருக்க வேண்டும்.

விடுதிக்காரி முதல் மாதத்திலேயே ஊரைப் பிடித்துக்கொண்டாள். சமையல்காரி செய்த சூப்பைத் தான் செய்ததாகச் சொல்லிக் கை தட்டல் வாங்குவாள். குடியிருப்பவர்களுக்கு வந்த சேதியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, "சத்தியமா மறந்துட்டேன்மா" என்பாள். ஒருவனை அறையைவிட்டுத் துரத்துமுன் மணிக்கட்டை இழுத்து, கனைத்து, "உன் நல்லதுக்குத்தான்" என்பாள். பள்ளிக்கூட வாசலில், பஸ்ஸில், ஆஸ்பத்திரி வரிசையில், எங்கே பார்த்தாலும் ஜனங்கள் மணிக்கட்டை இழுத்துக்கொண்டிருந்தார்கள். தையல்காரியாக இருந்தவளைத் தெருவில் நிறுத்தி, "கண்ணேன்னு ஒரு தடவை சொல்லுங்க" என்று கெஞ்சினார்கள்.

வாத்தியாரிடம் சிலர் ஜாடையாகச் சொல்லிப் பார்த்தார்கள். "அந்தக் கோமாளிக் கூத்தையெல்லாம் நான் பார்க்கறதில்லை" என்று கையை வீசிவிட்டார். அவர் ஒரு வருஷமாக மேடைக்கு வராமல் ஒரு பெரிய நாடகம் எழுதிக்கொண்டிருந்தார். சொந்த மகனுக்கே தூக்குத் தண்டனை கொடுக்க நேர்கிற ஒரு நீதிபதியின் கதை. அறிவிப்பு வந்த அன்றே ஊசி இரண்டு டிக்கெட் வாங்கினாள், மூன்றாவது வரிசையில்.

கொட்டகை நிரம்பி வழிந்தது. திரை உயர்ந்தது. நீதிபதி உடையில் வாத்தியார் கம்பீரமாக நடந்து வந்து, நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்று, இரண்டு விரலால் மணிக்கட்டை இழுத்தார்.

பின்னால் எங்கோ ஒருத்தி களுக்கென்று சிரித்தாள்.

அவர் கண்ணை மூடினார். மோவாயைத் தூக்கினார். கனைத்தார். இப்போது ஏழெட்டுப் பேர். அடக்கப் பார்க்கிற சிரிப்பு, மூக்கு வழியாக வருவது. வாத்தியார் ஒரு கணம் தயங்கி, பிறகு தொடர்ந்தார். மூன்றாவது காட்சியில் விலங்கு போட்ட மகனைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். நீதிபதி கீழே இறங்கி வந்தார். இரண்டு கையாலும் மகன் முகத்தைப் பிடித்தார்.

"என்... கண்ணே..."

கொட்டகை வெடித்தது. "நல்லதுக்குத்தான்!" என்று மாடியிலிருந்து ஒருவன் எடுத்துக் கொடுத்தான். மகனாக நடித்தவனே உதட்டைக் கடித்துக்கொண்டு திரும்பிக்கொண்டான். வாத்தியாருக்கு என்ன நடக்கிறதென்று புரியவில்லை. இன்னும் உருக்கமாகப் பேசினார், சிரிப்பு கூடியது. கைகளைப் பின்னால் கட்டிப் பார்த்தார், தொங்கவிட்டுப் பார்த்தார். நாற்பது வருஷம் மேடையில் நின்ற மனிதருக்குக் கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் போயிற்று.

ஊசி சிரிக்கவில்லை. முதுகை நிமிர்த்தி, கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். பசியோடு இருப்பவனுக்குச் சூடாக ஒரு வாய் உள்ளே இறங்குமே, அப்படி ஒவ்வொரு சிரிப்பும் அவளுக்குள் இறங்கியது.

தங்கை அவள் கையைப் பிடித்தாள். "போதும்க்கா. வா, போயிடலாம். பாவமா இருக்கு."

"இரு. இன்னும் ரெண்டு காட்சி இருக்கு."

பத்து நாளில் நாடகத்தை நிறுத்தினார்கள்.

ஒரு வியாழக்கிழமை, படப்பிடிப்புக்கு முன்னால், வாத்தியார் அவள் ஒப்பனை அறைக்கு வந்தார். ஆள் பாதியாகிவிட்டிருந்தார். அவளே நாற்காலியை இழுத்துப் போட்டாள். பழக்கம் விடவில்லை.

"ஊசி, நான் சண்டை போட வரலை," என்றார். "நாற்பது வருஷமாச் சேர்த்தது அது. அந்தக் கனைப்பு, கண்ணை மூடறது எல்லாம். அதை எடுத்துட்டா என்கிட்ட ஒண்ணுமே இல்லை. நீ கெட்டிக்காரி, வேற எதையாவது வச்சு அந்த விடுதிக்காரியைப் பண்ணிக்கலாம். விட்டுடும்மா."

அவள் கண்ணாடியைப் பார்த்துப் புருவம் தீட்டிக்கொண்டே கேட்டாள்: "அன்னிக்கு ஃபோன் வந்ததை நெஜமா மறந்துட்டீங்களா?"

"எந்த ஃபோன்?"

"எந்த ஃபோன்னு உங்களுக்குத் தெரியும். உள்ளதைச் சொல்லுங்க, விட்டுடறேன்."

அவர் வழக்கமாக இழுக்கிற அந்த மணிக்கட்டுப் பட்டிக்குக் கை போயிற்று, பாதியில் நின்றது.

"மறக்கலை. கூட்டம் நிறைஞ்சிருந்துது. நீ போயிருந்தா காட்சியை ரத்து பண்ணியிருக்கணும்."

"அம்மா என்னைக் கேக்கறான்னு தங்கச்சி சொன்னாளா?"

"சொன்னா. மூணு தடவையும் சொன்னா."

"சரி," என்றாள் ஊசி. "போய்ட்டு வாங்க. விட்டுடறேன்."

அவர் கும்பிட்டுவிட்டுப் போனார். அவள் விடவில்லை. அந்த வாரத் தொடரில் விடுதிக்காரி கனைத்தாள், மணிக்கட்டை இழுத்தாள், முன்னால் ஒரு தடவை செய்ததை மூன்று தடவை செய்தாள். தயாரிப்பாளருக்கே கொஞ்சம் அதிகமாகப் பட்டது. "ஜனங்களுக்குப் பிடிக்குது சார்" என்று வாயை அடைத்துவிட்டாள்.

தங்கைதான் சும்மா இருக்கவில்லை. "வாக்குக் கொடுத்துட்டு ஏமாத்திட்டியேக்கா."

"ஆமா. யார்கிட்ட கத்துக்கிட்டேன்னு நெனைக்கிறே?"

"அம்மா இருந்தா இதுக்குச் சம்மதிப்பாளா?"

"அம்மா இல்லையே. அதைத்தானே நானும் சொல்றேன்."

தங்கை இரண்டு மாதம் அவளோடு பேசவில்லை. ஒரே வீடு, ஒரே சமையலறை, பாத்திரங்கள்தான் பேசிக்கொண்டன.

வாத்தியார் அதன் பிறகு மேடை ஏறவில்லை. அடுத்த வருஷம் ஒரு நாள் புதுசு ஃபோன் செய்தாள். "அவர் வீட்ல பேசறதையே விட்டுட்டார். சளி புடிச்சாக்கூட இருமாம அடக்கிக்கறார். கண்ணெல்லாம் செவந்து போவுது. உங்களுக்கு இப்பவாவது ஆறிச்சா?" என்று கேட்டாள். ஊசி, "சொன்னதுக்கு நன்றிம்மா" என்று வைத்துவிட்டாள். அன்றைக்கு ஒரு கவளம் கூடவே சாப்பிட்டாள். மறுநாளும் நன்றாகத்தான் இருந்தது. மூன்றாம் நாள், அடக்கிய இருமல் எப்படி இருக்கும் என்று தன்னையறியாமல் செய்து பார்த்துக்கொண்டிருந்தாள், அடுத்த வாரத் தொடரில் சேர்க்கலாம் போல இருந்தது. சேர்த்தாள்.

விடுதிக்காரி ஒன்பது வருஷம் ஓடினாள். முடிந்த கையோடு ஊசி தயாரிப்பாளரிடம் போனாள். அந்தத் தாயின் நாடகத்தை மறுபடி எடுக்கலாம், இந்தத் தடவை நான் செய்கிறேன் என்றாள். அவருக்கு அவள்மேல் மரியாதை உண்டு. ஒரு ஒத்திகை ஏற்பாடு செய்தார். கடைசிக் காட்சியில் அவள் சட்டையைக் கையில் எடுத்ததும் விளக்குக்காரர்கள் சிரித்துவிட்டார்கள். கேலியாக இல்லை, பிரியமாகத்தான். அவள் முகத்தைப் பார்த்தாலே இப்போது சிரிப்பு வருகிறது. அதற்கு அவர்கள் என்ன செய்வார்கள்?

தயாரிப்பாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "தப்பா நினைக்காதீங்கம்மா. ஜனங்க உங்களை அழ விட மாட்டாங்க."

"தெரியும் சார்," என்றாள். சட்டையை உடை அறையில் கொண்டுபோய் மாட்டினாள்.

தங்கையிடம் அன்று மாலை இதைச் சொன்னபோது தங்கை, "அவரை அழிக்கப் போய் உன்னையும் சேர்த்து அழிச்சுக்கிட்டே" என்றாள்.

ஊசி யோசித்துவிட்டுச் சொன்னாள்: "முன்னாடியே இது தெரிஞ்சிருந்தாலும் செஞ்சிருப்பேன்."

அதில் வீம்பு கொஞ்சம் இருந்தது, உண்மையும் இருந்தது. பிறகு கிடைத்த வேஷங்களையெல்லாம் செய்தாள்: சிடுசிடு மாமியார், கறார் தலைமை ஆசிரியை, போலீஸ்காரனையே விரட்டுகிற காய்கறிக்காரி. எல்லாம் சிரிப்பு வேஷம். ஒன்றையும் அலட்சியமாகச் செய்யவில்லை.

அவளுக்கு ஐம்பத்தெட்டு வயதானபோது வாத்தியார் காலமானார். பத்திரிகைகள் பக்கம் பக்கமாக எழுதின. மேடைச் சிங்கம் என்றன. மூன்று கட்டுரைகளில் அந்தச் சட்டை மடிக்கும் காட்சி வந்தது. ஒரு நிருபர் அவள் வீட்டுக்கே வந்தார்.

"அவரைப் பத்தி நாலு வார்த்தை சொல்லுங்கம்மா."

"நல்ல நடிகர். கெட்ட மனுஷன். ரெண்டையும் போடுங்க. சட்டையை மடிச்சது நான், அதையும் போடுங்க."

நிருபர் நெளிந்தார். "இறந்தவரைப் பத்தி இப்படியா... மன்னிச்சுட்டீங்கன்னு எழுதிக்கட்டுமா?"

"மன்னிக்க எனக்கு நெறைய நேரம் இருந்துது தம்பி. மனசுதான் வரலை."

அவர் அதில் ஒன்றையும் போடவில்லை. 'அவரிடம்தான் எல்லாம் கற்றேன் என்று கண் கலங்கினார்' என்று எழுதியிருந்தார். தங்கை அதை உரக்கப் படித்துக் காட்டிவிட்டு, அக்கா இப்போது எகிறப் போகிறாள் என்று காத்திருந்தாள். ஊசி எகிறவில்லை. பத்திரிகையை வாங்கி ஆசிரியரின் பெயரையும் விலாசத்தையும் தேடினாள். பிறகு பேனாவைத் திறந்துகொண்டு, நடந்ததை நடந்தபடியே, சனிக்கிழமை மதியக் காட்சியிலிருந்து ஆரம்பித்து எழுத உட்கார்ந்தாள்.